பிசிராந்தையாரின் மனைவிக்கு நரைத்திருந்ததா?

புறநானூற்றின் 191ஆம் பாட்டைப் பதினாறு ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவருகிறேன். இளங்கலை மாணவர்களுக்கு இதைவிட எளிய புறப்பாட்டு கிடைப்பது அரிது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருக்கும் இடத்துக்குப் பாண்டிநாட்டுப் பிசிரிலிருந்து ஆந்தையார் வந்து சேர்கிறார். இத்தனை வயதாகியும் உமக்கு நரைக்கவில்லையே, எப்படி என்று அங்கிருந்த சான்றோர் கேட்கிறார்கள். அவர் காரணங்களை வரிசையாகச் சொல்கிறார். மனைவி குணத்தில் சிறந்தவள், மக்கள் நிறைவானவர்கள், ஏவலர் நான் நினைப்பதையே நினைக்கிறார்கள், அரசன் தீங்கு செய்யாமல் காக்கிறான், எல்லாவற்றுக்கும் மேலாக என் ஊரில் அடக்கமும் கொள்கையும் உடைய சான்றோர் பலர் இருக்கிறார்கள். ஏழே அடிதான்.

மனைவியைக் குறிக்கும் இடத்தில் 'மாண்ட' என்றொரு சொல் வரும். மாட்சிமைப்பட்ட என்பது பொருள். இன்றைய காதுக்கு அது 'செத்துப்போன' என்று கேட்கும். ஒவ்வோர் ஆண்டும் வகுப்பு இந்த இடத்தில் சிரிக்கும். "பொண்டாட்டி செத்துட்டா, அதான் நரைக்கலை" என்று ஒரு பையன் சொல்லாத ஆண்டே இல்லை. நானும் சிரித்துவிட்டுச் சொற்பொருள் எழுதிப்போட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அந்தச் சிரிப்பு அடங்கியதும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள். "அம்மா, அந்த அம்மாவுக்கு நரைச்சிருக்குமா?"

முனைவர் பட்டத்துக்காகச் சங்கப் பாடல்களை வரிவரியாகப் படித்தவள் நான். அந்தக் கேள்வி எனக்கு அதுவரை தோன்றியதில்லை. "பாட்டில் இல்லையே" என்று சொல்லிச் சமாளித்தேன். அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அந்தப் பெண் தலையைத் துப்பட்டாவால் மூடியிருந்தாள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

191ஐ நட்புக்கும் நல்வாழ்வுக்கும் எடுத்துக்காட்டாகவே பாடநூல்கள் சொல்கின்றன. எனக்கு இப்போது அது ஒரு நோயறிதல் பாட்டாகப் படுகிறது. முடியைப் பார்த்து உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்கிறார்கள். கேட்கப்பட்டவர் எண்ணெய்ப் பெயர் எதுவும் சொல்லவில்லை. வீடு, பிள்ளை, வேலையாட்கள், அரசு, ஊர் என்று தன் வாழ்நிலையைச் சொல்கிறார். முடியை உடம்போடும் உடம்பை வாழ்க்கையோடும் சேர்த்துப் பார்த்த ஒரு பழம்பாட்டைச் சொல் என்றால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன். இன்றைய அறிவியலும் அவரை முழுக்கக் கைவிடவில்லை. கடும் அழுத்தத்தின்போது நரம்புகள் வெளியிடும் நார்அட்ரினலின், முடிக்கு நிறம் தரும் மூலச்செல்களைத் தீர்த்துவிடுகிறது என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் எலிகளில் கண்டு 2020இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அடுத்த ஆண்டு கொலம்பியா பல்கலைக்கழகக் குழுவொன்று 14 பேரின் முடிகளை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தது. மன அழுத்தம் குறைந்த காலத்தில் வளர்ந்த பகுதி, நரைத்த முடியிலேயே மறுபடி கருத்திருந்ததைச் சிலரிடம் கண்டது. இதை வைத்துக்கொண்டு நரையெல்லாம் கவலையால் வருகிறது என்று சொல்லிவிட முடியாது. மரபும் வயதும்தான் பெரும்பங்கு. இளவயதிலேயே நரைத்தால் பி12 குறைவா, தைராய்டா என்றும் பார்க்கச் சொல்வார்கள். ஆனாலும் ஆந்தையார் திசை தவறவில்லை.

தவறியது வேறு இடத்தில். கவலை என்பது ஒரு வீட்டிலிருந்து ஆவியாகிப் போய்விடுகிற பொருளா? அவர் சுமக்கவில்லை என்றால் யாரோ சுமந்தார்கள். மக்களை நிறைவானவர்களாக வளர்த்தது யார்? தலைவன் நினைப்பதை ஏவலர் நினைக்கும்படி பழக்கியது யார்? பட்டியலின் முதல் காரணமே மனைவிதான். அவள் அங்கே ஒரு காரணமாக மட்டும் இருக்கிறாள், அவளுக்கென்று ஓர் உடம்பு பாட்டில் இல்லை.

இதோடு கதை முடியவில்லை. ஆந்தையார் சோழனோடு தாமும் வடக்கிருந்து உயிர்விடுகிறார். நண்பனுக்காக உயிர்விட்டதைப் பிற பாட்டுகள் வியந்து போற்றுகின்றன. பிசிரில் அவள் உயிரோடு இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பாள்? கணவன் இறந்தபின் கூந்தலைக் களைந்து வளையலை நீக்கிக் கைம்மை நோற்கும் பெண்ணைத் தாயங்கண்ணியார் அதே புறநானூற்றில் 250ஆம் பாட்டில் காட்டுகிறார். அந்த வழக்கம் இவள் மேலும் பாய்ந்திருந்தால், நரைத்ததா என்று கேட்கத் தலையில் முடியே மிஞ்சியிருக்காது. இருபத்தைந்து ஆண்டுகளாக இந்த இரண்டு பாட்டையும் தனித்தனியே படித்திருக்கிறேன். பக்கத்தில் பக்கத்தில் வைக்க ஒரு மாணவியின் கேள்வி வேண்டியிருந்தது.

பெண்ணின் முடிக்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. கூந்தல், கதுப்பு, ஓதி, கூழை, முச்சி, குழல், அளகம். முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என ஐந்து வகையாகப் புனைவதால் ஐம்பால். மேகம், கருமணல், மயிற்பீலி என்று உவமைகள். கேசாதிபாதம் என்று ஓர் இலக்கிய வகையே உண்டு, தலையில் தொடங்கி அடிவரை வருணிப்பது. இத்தனையும் எதிரில் நின்று பார்க்கிறவனின் சொற்கள். சீப்பில் சிக்கிய முடிச்சுருளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவளின் சொல் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

தருமிக்குப் பொற்கிழி கிடைத்த கதையை 1965இல் வந்த 'திருவிளையாடல்' படம் ஊரறியச் செய்தது. பெண்ணின் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்று அரசனுக்கு ஐயம். சங்கமே கூடுகிறது. இறைவனே இறங்கி வந்து வாதாடுகிறான். நக்கீரர் தேவியின் கூந்தலுக்கும் கிடையாது என்று நெஞ்சை நிமிர்த்துகிறார். நெற்றிக்கண்ணுக்கு அஞ்சாத விமர்சகன் என்று நாம் இன்றும் அவரைக் கொண்டாடுகிறோம், எனக்கும் அவரைப் பிடிக்கும். ஆனால் அந்த அவையில் ஒரு பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டால் ஒரு நொடியில் முடிந்திருக்கும் வழக்கு அது. மணத்தைப் பற்றி அத்தனை பேசியவர்கள், பூஞ்சைத் தொற்று முற்றினால் தலையில் சீழ் பிடித்து நாற்றமும் எடுக்கும் என்று யோசித்திருக்க மாட்டார்கள்.

நோயைப் பேசும் சொற்களுக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். 'வழுக்கை', 'சொட்டை' இரண்டும் ஆண்களுக்கானவை. அதே நிலையில் இருக்கும் பெண்ணுக்கு மிஞ்சியது 'மொட்டைச்சி', கைம்பெண்ணைத் திட்டும் சொல். வட்டவட்டமாக முடி உதிர்வதைப் 'புழுவெட்டு' என்கிறோம். அங்கே புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. உடம்பின் எதிர்ப்பாற்றல் தன் முடிக்கால்களையே பகையென்று தாக்குவதால் வருவது அது. அலோபீசியா ஏரியேட்டா என்பார்கள். ஆனால் சொல்லில் புழு இருப்பதால் அழுக்கு, தொற்று, குளிக்காதவள் என்ற எண்ணமும் கூடவே ஒட்டிக்கொள்கிறது. பெயரே ஒரு தவறான நோயறிதல்.

சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வைப் புரட்டிப் பார்த்தேன். நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். முடி இல்லை, மொழி இருக்கிறது. அங்கே மொழி என்பது நோயாளியின் குரல், பேச்சின் தன்மை. என்ன பேசுகிறாள் என்பதல்ல, எப்படிப் பேசுகிறாள் என்பது. எனக்கு அதை இரண்டு விதமாகவும் எடுத்துக்கொள்ள ஆசை. என் கதையில் கோளாறு அங்கேதான் இருந்தது.

முப்பத்தொன்பதாவது வயதில் எனக்கு முடி கொட்டத் தொடங்கியது. வகிடு அகலமாயிற்று. குளியலறைச் சல்லடையில் தினமும் ஓர் உருண்டை. ஊரில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். உருப்பெருக்கியால் உச்சியைப் பார்த்தார். "காலேஜ்ல வேலையா? டென்ஷன் இருக்கும்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சீட்டு எழுதி முடித்துவிட்டார். தடவ மினாக்ஸிடில், விழுங்க பயோட்டின், குளிக்க ஒரு ஷாம்பு. இரண்டு ஆண்டுகள் இப்படிப் போயின. நடுவில் "இந்த வயசுல இதெல்லாம் சகஜம்தானே மேடம்" என்று ஒருமுறை சிரித்தார். நானும் பதிலுக்குச் சிரித்து வைத்தேன். முடிக்காக மருத்துவரிடம் போவதே எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. கவிதை எழுதுகிறவள், பெண்ணுடல் பற்றி மேடையில் பேசுகிறவள், வகிடு அகலமாகிறது என்று அழலாமா? அவருடைய அலட்சியத்துக்குப் பாதிக் கதவை நானே திறந்துவிட்டிருந்தேன்.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியதற்காக வேறொரு மருத்துவரைப் பார்த்தேன். பொது மருத்துவர், அறுபது வயதைத் தாண்டிய பெண்மணி. என் தலையை அவர் பார்க்கவே இல்லை. கீழிமையை இழுத்துப் பார்த்தார். நகங்களைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார். "தூரம் எத்தனை நாள் இருக்கு? ஒரு நாளைக்கு எத்தனை பேட் மாத்துறே? கட்டி கட்டியாப் போகுதா?"

எட்டு நாள். நான் அதை வழக்கம் என்று நினைத்திருந்தேன். என் அம்மாவுக்கும் எட்டு நாள். ஹீமோகுளோபின் 8.4, ஃபெரிட்டின் 7. ஸ்கேனில் கருப்பையில் நார்க்கட்டிகள். என் தலையில் கொட்டியது கருப்பையிலிருந்து வந்த செய்தி. அதைப் படிக்க இரண்டு ஆண்டுகளும் இரண்டு மருத்துவர்களும் வேண்டியிருந்தார்கள்.

முடிக்காலின் அடியிலுள்ள செல்கள் உடம்பிலேயே மிக வேகமாகப் பிரிபவற்றுள் அடங்கும். அதனால் வரத்துக் குறைந்தால் முதலில் திணறுவதும் அவைதான். உயிர் காக்கிற உறுப்பில்லை என்பதால் உடம்பு சிக்கனம் பிடிக்கும்போது இங்கேதான் கைவைக்கிறது. தலையில் சுமார் ஒரு லட்சம் முடிகள், ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் வளரும், இரண்டு மூன்று வாரம் ஒடுங்கும், மூன்று மாதம்போல ஓய்வில் இருந்து விழும். நாளைக்கு 50 முதல் 100 வரை விழுவது இயல்பு. கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், பட்டினி போன்ற டயட், பெரும் துயரம் என எது தாக்கினாலும் வளர்ந்துகொண்டிருந்த முடிகள் கூட்டமாக ஓய்வுக்குப் போய்விடும். அவை விழுவது இரண்டு மூன்று மாதம் கழித்து. இன்று சீப்பில் வருவது மூன்று மாதத்துக்கு முந்தைய செய்தி. நேற்று மாற்றிய ஷாம்புவின் மேல் பழிபோடுகிறோம். வெயில் காலத்தில் வந்துபோன டெங்குவையோ டைஃபாய்டையோ நாம் மறந்தே போயிருப்போம்.

இரும்புச்சத்துக் குறைவு முடியை எவ்வளவு பாதிக்கிறது என்பதில் தோல் மருத்துவர்களுக்குள் இன்னும் விவாதம் உண்டு. ஆனால் கொட்டுகிறது என்று வருகிற பெண்ணிடம் உதிரப்போக்கைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பதில் என்ன விவாதம் இருக்க முடியும்? 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4. நாடு முழுக்க ஆண்களில் 25. இரண்டில் ஒரு பெண்ணுக்கு ரத்தம் குறைவாக இருக்கிற மாநிலத்தில், பெண்ணின் முடி கொட்டுவது அழகு நிலையத்துச் சேதி ஆகிவிட்டது.

விளம்பரங்கள் இந்த இடைவெளியில்தான் குடியேறியிருக்கின்றன. கொட்டுகிற முடி அங்கே எப்போதும் குற்றம், ஒரு புட்டி தீர்வு. முன்பு எண்ணெய், இப்போது மிட்டாய்போல மெல்லும் பயோட்டின். அந்தப் பொது மருத்துவர் தைராய்டு பரிசோதனைக்கு அனுப்பும்முன் என் கைப்பையில் இருந்த மாத்திரைகளையெல்லாம் வெளியே எடுக்கச் சொன்னார். பயோட்டினைத் தனியே தள்ளிவைத்து, சில நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடு என்றார். அதிக அளவு பயோட்டின் சில ஆய்வக முறைகளில் குறுக்கிட்டு, தைராய்டு உட்படப் பல பரிசோதனைகளில் பொய் முடிவு காட்டும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இலேயே இதுபற்றி எச்சரித்திருக்கிறது. அதாவது முடிக்காக விழுங்கும் மாத்திரை, முடி கொட்டுவதன் காரணத்தையே மறைத்துவிடக்கூடும். இதைவிடக் கச்சிதமான முரணை நான் எந்தக் கவிதையிலும் எழுதியதில்லை.

அதன்பிறகு இது எனக்கொரு பித்தாகிவிட்டது. பேருந்தில் முன்சீட்டுத் தலைகளைப் படித்துக்கொண்டு வருவேன். புருவத்தின் வெளி மூன்றிலொரு பங்கு தேய்ந்திருந்தால் தைராய்டு சுரப்பு குறைந்திருக்கலாம். வட்டத் திட்டின் ஓரத்தில் அடி மெலிந்து நுனி தடித்த குட்டை முடிகள், ஆச்சரியக்குறிபோல் நின்றால் மேலே சொன்ன 'புழுவெட்டு'. நெற்றியோரமும் காதோரமும் பின்வாங்கியிருந்தால் இறுக்கிப் பின்னிய சடையின் வேலை. காலையில் இரட்டைச் சடை, மடித்துக் கட்டிய ரிப்பன் என்று எத்தனை பள்ளிகள் பன்னிரண்டு ஆண்டுகள் அந்த வேர்களை இழுத்துப் பிடிக்கின்றன! மருத்துவரின் இழுவைச் சோதனை எளியது. ஐம்பது அறுபது முடிகளை விரலிடுக்கில் பிடித்து மெல்ல இழுப்பார். ஆறுக்குமேல் வந்தால் உதிர்வு நடப்பில் இருக்கிறது. தோல் பளபளவென்று முடிக்கால் துளையே தெரியாமல் போயிருந்தால் அது வடு, அங்கே முடி திரும்பாது. ஆகவே அங்கே நாள் கடத்தக் கூடாது.

உச்சியில் மெலிந்து தாடையில் தடித்து வளரும் முடியைப் பெரும்பாலும் முதலில் பார்ப்பவர் மருத்துவர் அல்ல, பியூட்டி பார்லர் அக்கா. மாதவிலக்குத் தள்ளிப்போவதும் சேர்ந்துகொண்டால் பிசிஓஎஸ் என்று யோசிக்க வேண்டும், சர்க்கரை பார்க்க வேண்டும். எங்கள் தெருமுனைப் பார்லர் அக்கா நூலைப் பல்லில் கடித்துக்கொண்டே, "பீரியட்ஸ் ஒழுங்கா வருதா பாப்பா?" என்று கேட்பதைக் கேட்டிருக்கிறேன். என் முதல் மருத்துவர் கேட்காத கேள்வி.

இங்கே என் வாதத்தை நானே கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். பெண்ணின் முடியைப் பெண் படித்த மரபே இல்லை என்று சொன்னால் அது ஏட்டை மட்டும் வைத்துச் சொன்னதாகும். ஏட்டிலும் தேடினால் கிடைக்கும். பாலி மொழித் தேரிகாதையில் அம்பபாலி, ஒரு காலத்தில் வண்டுபோல் கருத்திருந்த தன் கூந்தல் மூப்பில் என்ன ஆயிற்று என்று தானே பார்த்துத் தானே சொல்கிறாள். அவ்வை விநாயகரிடம் கேட்டு நரைமூதாட்டியாகிக் கல்யாணத்திலிருந்து தப்பித்த கதை நம் ஊரில் வழங்குகிறது. அவளுக்கு நரை நோயில்லை, கேட்டு வாங்கிய விடுதலை. ஏட்டுக்கு வெளியே இன்னும் உண்டு. எனக்குக் குழந்தை பிறந்து மூன்றாம் மாதம் முடி கொத்துக்கொத்தாக வந்தபோது அத்தை சாதாரணமாகச் சொன்னார். "பிள்ளை முகம் பாத்துச் சிரிக்க ஆரம்பிச்சாச்சுல்ல, தாய்க்கு முடி கொட்டத்தான் செய்யும். பிறகு வந்துரும்." மூடநம்பிக்கை என்று அன்று நினைத்தேன். குழந்தை முகம் பார்த்துச் சிரிப்பது இரண்டு மூன்று மாதத்தில். கர்ப்பத்தில் விழாமல் நின்ற முடிகள் பிரசவத்துக்குப் பின் கூட்டமாக ஓய்வுக்குப் போய் உதிரத் தொடங்குவதும் அதே கணக்கில். காரணம் வேறு, நாள் கணக்கு சரி. பிறகு வந்துவிடும் என்பதும் சரி. அத்தை பள்ளிக்கூடம் போனதில்லை. யாரோ ஒருத்தி பார்த்து, இன்னொருத்தியிடம் சொல்லி, பிள்ளைச்சிரிப்பை நாட்காட்டியாக வைத்துக் காப்பாற்றிய அறிவு அது. கேசாதிபாதம் பாடிய எந்தப் புலவருக்கும் அது தெரிந்திருக்க நியாயமில்லை.

இத்தனையும் தெரிந்துகொண்ட பிறகுதான் அந்தக் கடைசி பெஞ்சுப் பெண் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். என் குற்றம் அதில்தான்.

வகுப்பு முடிந்து துறை அறைக்கு வந்தாள். துப்பட்டாவை விலக்கிக் காட்டினாள். முன்னெற்றியில் முடி ஒடிந்து ஒடிந்து குட்டையாக நின்றது. உச்சியில் ஒரு திட்டு. "வீட்ல புழுவெட்டுன்னு சொல்றாங்கம்மா. நிச்சயம் பண்ணப் போறாங்க. அதுக்குள்ள வளந்துருமா?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? சின்ன வெங்காயத்தை அரைத்துச் சாறு தடவச் சொன்னேன். கவலைப்படாதே என்றேன். அவள் கேட்ட கேள்வியின் கூர்மையில் நான் அவளை மாணவியாகப் பார்த்தேன், நோயாளியாகப் பார்க்கவில்லை. டென்ஷன் என்று நானும் மனதுக்குள் எழுதிவிட்டேன்.

அதற்கு ஒரு மாதம் முன்பு அவள் உள்தேர்வுக்கு விலக்குக் கேட்டிருந்தாள். "விரல் மடக்க வரலம்மா, காலைல எந்திரிச்சா பேனாவே பிடிக்க முடியல." சாக்கு என்று எடுத்துக்கொண்டேன். விளையாட்டு நாளன்று வெயிலில் நின்றவளின் கன்னங்கள் சிவந்து கிடந்ததைப் பார்த்து, என்ன கிரீம் போட்டாய் என்று கேலியாகக் கேட்டேன். வாய்ப்புண் என்று மதியம் சாப்பிடாமல் இருந்ததை அவள் தோழிகள் சொன்னார்கள். ஒரு பாட்டில் திணை, துறை, உள்ளுறை எல்லாவற்றையும் சேர்த்துப் பொருள் காணத் தெரிந்தவள் நான். நான்கு மாதங்களில் நான்கு முறை அவள் சொன்னதை ஒரே பனுவலாகச் சேர்த்துப் படிக்க எனக்குத் தோன்றவில்லை. திட்டை மட்டும் பார்த்து வெங்காயம் சொன்னேன்.

கால் வீங்கிய பிறகுதான் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். சிறுநீரில் புரதம் போய்க்கொண்டிருந்தது. லூபஸ். இதுவும் உடம்பு தன்னையே தாக்கும் நோய். பாதிக்கப்படுவோரில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில். முடி உதிர்வு அதன் முன்னறிவிப்புகளில் ஒன்று. முன்னெற்றியில் ஒடியும் குட்டை முடிக்கு 'லூபஸ் முடி' என்றே மருத்துவத்தில் பெயர் இருக்கிறது. இவளுடையது சிறுநீரகம் வரை போயிருந்தது.

வார்டில் பார்க்கப் போனபோது அவள் அம்மா மருத்துவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "முடி வளந்துருமா சார்?" சிறுநீரகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த மருத்துவர் ஒரு கணம் பேச்சை நிறுத்தினார். எனக்குள்ளும் ஒரு கோபம் எழுந்தது. வெளியே வராந்தாவில் அந்த அம்மா என்னிடம் சொன்னார். "கிட்னின்னா யாருக்கும் தெரியாது டீச்சர். தலைன்னா நாலு பேரு பாப்பாங்க." அவரும் கணக்குத் தெரிந்துதான் கேட்டிருந்தார். பெண் பார்க்க வந்தவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். சாமுத்திரிகா லட்சணம் எழுதியவனுக்கும் தெரியும். மாப்பிள்ளை வீடு விலகிக்கொண்டதற்கு அவர்கள் சொன்ன காரணமும் தலைதான்.

அந்தப் பெண் ஓராண்டு விட்டுத் திரும்பி வந்தாள். ஸ்டீராய்டால் முகம் வீங்கியிருந்தது. முன்னெற்றியில் புதுமுடி வந்திருந்தது. உச்சித் திட்டு வடுவாகிவிட்டது, அங்கே இனி வராது. துப்பட்டா இல்லை. வெயிலுக்காகத் தொப்பி ஒன்று வைத்திருந்தாள், வகுப்பில் கழற்றி பெஞ்சின்மேல் வைத்துவிடுவாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க வெங்காயம் சொன்னீங்க, எங்க ஆச்சி மந்திரிக்கச் சொன்னாங்க, ரெண்டையும் செஞ்சேம்மா" என்று சிரித்தாள். அது மன்னிப்பா என்று இன்னும் எனக்குத் தெரியாது.

அந்தப் பருவத்தில் 191க்கு ஒரு பயிற்சிக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். பிசிராந்தையார் சொன்ன காரணங்களை ஆராய்க. அவள் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள், சுமாரான கட்டுரை, உரைநூல்களிலிருந்து எடுத்தது. மதிப்பெண் போட்டுவிட்டு நோட்டை மூடும்போது பின்பக்கத்திலிருந்து தாள்கள் விரிந்தன. மருத்துவர் தினமும் குறித்துவரச் சொல்லியிருந்தாராம். தேதி போட்டு, கட்டம் கட்டி எழுதியிருந்தாள். விரல் வலி, காய்ச்சல், வாய்ப்புண், வெயிலில் போனது, தூரம் வந்தது, சாப்பிட்ட மாத்திரை. கடைசிக் கட்டத்தில் அன்றன்று சீப்பில் வந்த முடியின் எண்ணிக்கை. 140. 122. 131. 90. ஒரு நாளுக்கு நேரே எண் இல்லை, 'எண்ணவில்லை, அம்மாவுக்கு முடியலை' என்று இருந்தது.

அடுத்த நாள் நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, அம்மாவுக்கு என்ன என்று கேட்டேன்.

"தல சுத்துதுன்னு படுத்துட்டாங்கம்மா. எனக்கு அலைஞ்சு அலைஞ்சு..." என்றாள்.

"தூரம் எத்தனை நாள் இருக்குன்னு கேட்டியா?"

அவள் தொப்பியை எடுத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "கேட்டேன்மா. பன்னெண்டு நாளாம். வர்ற திங்கக்கிழமை என் டோக்கனோட அவங்களுக்கும் ஒண்ணு போடுறேன்."